கேமோட சேர்த்து எவ்ளோ?

ஷா வாலஸ் என்ற பெயரை எங்கள் ஊர் ஆண்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பாட்டில் லேபிளில் படித்திருப்பார்கள். அந்தக் கம்பெனிதான் 1995-இல் ஜப்பான்காரர்களின் சேகா வீடியோ கேமை இந்தியாவில் விற்க முன்வந்தது. அப்போது இறக்குமதி வரி 80 சதவீதம். உள்ளூர்க் கம்பெனி ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தால் அந்த வரியிலிருந்து தப்பலாம் என்பது சேகாவின் கணக்கு. தப்பித்து வந்த பிறகும் சேகாவின் மெகா டிரைவ் பெட்டியின் விலை 18,000 ரூபாய். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவரின் அரை வருஷச் சம்பளத்தைப் போட்டாலும் எட்டாத தொகை. அதைக் கேட்டு எங்கள் கடைக்கு ஒருவரும் வந்ததாக நினைவில்லை.

கடை அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு சந்தில் இருந்தது. அண்ணன் அம்பத்தூர் ஐ.டி.ஐ.-யில் படித்துவிட்டு டி.வி. மெக்கானிக் ஆனவர். டயனோரா, சாலிடேர் என்று மெட்ராஸிலேயே செய்த டி.வி.-களைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பார். நான் தபால் வழியில் பி.காம். படித்தபடி கல்லாவில் பில் எழுதினேன். கேம் ஆடத் தெரியாதவள் நான். இன்றைக்கும் மரியோவை முதல் பள்ளத்திலேயே விட்டுவிடுவேன். ஆனால் யார் எதை என்ன விலைக்கு வாங்கினார்கள், எதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார்கள் என்பதெல்லாம் என் நோட்டில் இருக்கிறது.

அந்த நோட்டில் அதிகம் இருப்பது சேகாவும் இல்லை, நின்டெண்டோவும் இல்லை. சீனாவிலிருந்தும் தைவானிலிருந்தும் வந்த நகல் செட்டுகள். நின்டெண்டோ 1983-இல் ஜப்பானில் 14,800 யென்னுக்கு விற்ற ஃபேமிகாம் என்ற மெஷினை அப்படியே பார்த்துச் செய்தவை. மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று சில பெயர்கள் அதற்கு முன்பே வந்துபோயிருந்தன. நாங்கள் விற்ற காலத்தில் ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைத்தது ‘டெர்மினேட்டர் 2’ என்று எழுதிய பெட்டி. அட்டையில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு நடிகர். படத்துக்கும் உள்ளே இருந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

பெட்டியைப் பிரித்தால் தெர்மோகோலில் குழி வெட்டி எல்லாவற்றையும் படுக்க வைத்திருப்பார்கள். செட், ஒயரோடு இரண்டு ஜாய்ஸ்டிக், டி.வி.-யில் தெரிகிற வாத்தைச் சுட ஒரு துப்பாக்கி, அடாப்டர், ஆன்டெனா குழியில் செருகுகிற ஒயர். ஓரமாக மஞ்சள் நிறத்தில் ஒரு கேசட். அதன் மேல் ‘9999999 இன் 1’ என்று அச்சடித்திருக்கும். கிட்டத்தட்ட ஒரு கோடி கேம். போட்டுப் பார்த்தால் பட்டியல் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் உண்மையில் இருப்பது பத்துக்குள் அடங்கிவிடும். அதே டாங்கி கேம் ஒரு வரியில் முதல் லெவலிலிருந்து தொடங்கும், இன்னொரு வரியில் ஐந்தாவது லெவலிலிருந்து. அதே மரியோ வேறு பெயரில் வருவார். கேசட்டைத் திறந்தால் ஒரு சின்ன போர்டு, நடுவில் கறுப்பாக உருகி உறைந்த ஒரு பொட்டு. அதற்குள்தான் சிப். ஃபேமிகாமின் ஆரம்ப கால கேம்கள் 24 கிலோபைட், சூப்பர் மரியோவே 40 கிலோபைட்தான். சிப் விலை இறங்க இறங்க ஒரே கேசட்டில் பத்து இருபது கேமை அடைப்பது ஒன்றும் பெரிய வித்தையாக இல்லை.

பிள்ளைகளுக்கு இந்தப் பித்தலாட்டம் வாங்கிய மறுநாளே தெரிந்துவிடும். யாரும் சண்டைக்கு வரவில்லை. ஏனென்றால் காசு கொடுத்தவர் பிள்ளை இல்லை, அப்பா. அப்பாவுக்கு வேண்டியது அந்த எண்தான். “கேமோட சேர்த்து எவ்ளோ?” என்பார். சொன்னதும் அடுத்த கேள்வி: “அப்புறம் கேசட் அது இதுன்னு செலவு வைக்காது இல்ல?” வைக்காது சார், இதிலேயே எல்லாம் இருக்கு என்று நான் பெட்டியைத் திருப்பி அந்த ஒன்பதுகளைக் காட்டுவேன். வியாபாரம் முடிந்துவிடும்.

நான் இத்தனை வருஷம் பார்த்ததில் மற்றதெல்லாம் அந்த இரண்டாவது கேள்விக்குள் வந்துவிடுகிறது. உலகத்தில் வேறெங்கும் மெஷினோடு கேமைச் சேர்த்துக் கொடுப்பது மேற்கொண்டு வாங்க வைப்பதற்காக. எங்கள் பக்கத்தில் சேர்த்துக் கேட்டது மேற்கொண்டு எதையும் வாங்காமல் இருப்பதற்காக.

அமெரிக்காவில் நடந்ததைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அங்கே 1989-இல் சேகாவின் இதே மெகா டிரைவ் மெஷின் 189 டாலருக்கு வந்தபோது ‘ஆல்டர்ட் பீஸ்ட்’ என்ற கேம் கூடவே இருந்தது. 1991-இல் டாம் கலின்ஸ்கி என்ற அதிகாரி விலையை 149 டாலராகக் குறைத்தார்; கூடவே அந்தக் கேமை எடுத்துவிட்டு, புதிதாக வந்த நீல முள்ளெலி சோனிக்கைப் பெட்டிக்குள் போட்டார். கம்பெனியின் சிறந்த சரக்கை இனாமாகக் கொடுப்பதா என்று ஜப்பானில் முகம் சுளித்தார்கள். ஆனால் அதுவரை நின்டெண்டோவை அசைக்க முடியாமல் இருந்த சேகா அங்கே எழுந்து நின்றது அதற்குப் பிறகுதான். நின்டெண்டோவும் இதில் தேர்ந்தவர்கள். 1989-இல் கேம் பாய் வந்தபோது மரியோவுக்குப் பதிலாக டெட்ரிஸை உள்ளே வைத்தார்கள். மரியோ என்றால் சிறுவர்கள் மட்டும் வாங்குவார்கள், டெட்ரிஸ் என்றால் வீட்டில் எல்லாரும் ஆடுவார்கள் என்று ஹெங்க் ரோஜர்ஸ் என்பவர் எடுத்துச் சொல்லி ஒத்துக்கொள்ள வைத்தார். 2006-இல் வீ மெஷினோடு ‘வீ ஸ்போர்ட்ஸ்’ கேமை ஜப்பான் தவிர மற்ற முக்கிய நாடுகளில் சேர்த்தே கொடுத்தார்கள். எட்டுக் கோடிப் பிரதிக்கு மேல் போனது.

இதெல்லாம் தூண்டில் புழு. மெஷினில் பல சமயம் பெரிய லாபம் வராது, சில சமயம் நஷ்டமே வரும். அப்புறம் அந்த வீட்டுக்காரர் வருஷத்துக்கு நாலைந்து கேம் வாங்குவார், அதில் எடுத்துக்கொள்ளலாம். ரேசர் கம்பெனிக்காரர்கள் கைப்பிடியை மலிவாகக் கொடுத்து பிளேடில் சம்பாதித்த கதைதான். எங்கள் வாடிக்கையாளர் புழுவை மட்டும் கவனமாகச் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர். அவரிடம் இந்தக் கணக்கு செல்லாது.

எங்கள் வியாபாரத்துக்கு என்று ஒரு பஞ்சாங்கம் இருந்தது. ஆவடியில் டாங்கி ஃபாக்டரி, துணி ஃபாக்டரி ஆட்களுக்கு மத்திய அரசின் போனஸ் ஆயுத பூஜைக்கு முன்னால் வந்துவிடும். அம்பத்தூர், பாடி பக்கத்து தனியார் கம்பெனிகளில் தீபாவளியை ஒட்டி. ஆகவே ஆவடி ஆட்கள் முதலில் வருவார்கள், இரண்டு மூன்று வாரம் கழித்து எஸ்டேட் ஆட்கள். பூந்தமல்லிக் கதை வேறு. அங்கே பல வீடுகளில் யாராவது ஒருவர் துபாயிலோ சவுதியிலோ இருப்பார். செட் பெட்டியோடு விமானத்தில் வந்து இறங்கிவிடும். நமக்குக் கேசட்டும் ரிப்பேரும்தான். அண்ணன் டி.வி.எஸ். 50-இல் பையை மாட்டிக்கொண்டு பூந்தமல்லி, திருவேற்காடு கடைகளுக்குக் கேசட் போட்டுவிட்டு வருவார்.

விலை சொல்வதில் நான் கண்டுபிடித்தது ஒன்று. செட் விலையில் நூறு ரூபாய் குறைத்தால் யாரும் சந்தோஷப்படவில்லை. இன்னும் குறைக்கலாம் போலிருக்கிறதே என்று சந்தேகப்பட்டார்கள். அதே விலையில் நின்றுகொண்டு, “சரி சார், கான்ட்ரா கேசட் ஒண்ணு போட்டுத் தர்றேன்” என்றால் முகம் மலர்ந்துவிடும். எனக்கு அந்தக் கேசட் ஹோல்சேலில் நூறு ரூபாயில் பாதிகூட ஆகாது. அதனால் செட்டின் விலையிலேயே கேசட்டை ஏற்றி வைத்துக்கொண்டு, கடைசிப் பேரத்தில் பெரிய மனசோடு எடுத்துக் கொடுப்பது வழக்கமாயிற்று. கிரைண்டர் வாங்கினால் குக்கர், டி.வி. வாங்கினால் ஹாட் பாக்ஸ் என்று பெரிய ஷோரூம்கள் பழக்கிவிட்ட ஊர் இது. விவேக்ஸின் ஜனவரி முதல் தேதி விற்பனைக்கு விடியற்காலையிலேயே வரிசையில் நின்றவர்கள்தான் எங்கள் கடைக்கும் வந்தார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் சோனியின் முதல் பிளே ஸ்டேஷன் வந்தது. வாங்கும் விலையில் இல்லை. ஆகவே வாடகைக்கு விட்டோம். கடையின் முன்பாதியில் பெஞ்சு போட்டு, மணிக்குப் பத்து ரூபாய். இரண்டு பேர் ஆடினால் பதினைந்து. அரை மணிக்கு ஐந்து கிடையாது, ஆறு. இல்லாவிட்டால் எல்லாரும் அரை அரையாகத்தான் கேட்பார்கள். டெக்கன் 3 ஒன்றுக்காகவே ஏப்ரல், மே முழுவதும் வாசலில் செருப்பு குவிந்து கிடக்கும். 2006-க்குப் பிறகு இந்த மாதிரிக் கடைகளுக்கு அரசாங்கமே மறைமுகமாக உதவியது. அந்த வருஷம் செப்டம்பர் 15 முதல் கலைஞர் ஆட்சியில் கொடுத்த 14 இன்ச் இலவச கலர் டி.வி., வீட்டில் ஏற்கனவே டி.வி. இருந்தவர்களிடம் உபரியாக நின்றது. அதைப் பிள்ளையின் கேமுக்கென்று ஒதுக்கினார்கள். “சீரியல் பார்க்கும்போது கேம் கேட்டுக் கத்தறான்” என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மாக்களின் பெரிய ஆட்சேபம் அதோடு தீர்ந்தது. கன்சோல் விற்பனைக்கு அந்த இலவச டி.வி. செய்த உபகாரத்தை எந்தக் கம்பெனியும் தன் கணக்கில் எழுதியிருக்காது.

பிளே ஸ்டேஷன் 2-தான் எங்கள் பொற்காலம். இதை விற்க அப்பாக்களிடம் நான் சொன்ன முதல் வாக்கியத்தில் கேம் என்ற வார்த்தையே வராது. “டி.வி.டி. பிளேயர் சார், படம் பார்க்கலாம். பையனுக்கு கேமும் ஓடும்.” சோனியே ஜப்பானில் 2000-இல் இப்படித்தான் விற்றது, அங்கே பல பேர் அதை முதலில் டி.வி.டி. பிளேயராகத்தான் வாங்கினார்கள். உலகம் முழுவதும் 15 கோடிக்கு மேல் விற்ற மெஷின் அது. எங்கள் கடையில் ஒரே ஒரு கேள்வி கேட்போம்: “பில் வேணுமா, சிப் வேணுமா?”

பில் வேண்டுமென்றால் வாரன்டி உண்டு, ஆனால் ஒரிஜினல் டிஸ்க் மட்டும்தான் ஓடும். சிப் வேண்டுமென்றால் அண்ணன் செட்டைத் திறந்து, தலைமுடி கனத்தில் இருக்கிற ஒயர்களைப் போர்டில் ஒவ்வொன்றாகப் பற்றவைப்பார். பூதக்கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு அவர் அதைச் செய்யும்போது கடையில் ஃபேன் போடக் கூடாது. ஒரு ஒயர் தவறான இடத்தில் பட்டால் மெயின் போர்டு போய்விடும். சிப் ஏறிய செட்டுக்குக் கம்பெனியின் வாரன்டி கிடையாது, ஆனால் பர்மா பஜாரில் ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கிற டிஸ்க் ஓடும். கேட்டவர்களில் பெரும்பாலானோர் சிப்பைத்தான் எடுத்தார்கள். செட், சிப், பத்து டிஸ்க், மெமரி கார்டு, இன்னொரு ஜாய்ஸ்டிக் எல்லாம் சேர்த்து ஒரு ரேட். டிஸ்க்கில் கட்டாயம் இருக்க வேண்டியவை சான் ஆண்ட்ரியாஸ், ரெஸ்லிங், நீட் ஃபார் ஸ்பீட், பிறகு கிரிக்கெட் 07. அந்தக் கடைசி டிஸ்க் இல்லாமல் ஆவடி ரயில்வே லைனுக்கு இரண்டு பக்கமும் ஒரு செட்கூட விற்க முடியாது.

இது சட்டப்படி சரியில்லை என்பது எங்களுக்குத் தெரியும். 2004-இல் ஜெயலலிதா ஆட்சியில் திருட்டு வீடியோ தொழில் செய்கிறவர்களைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தபோது, சினிமா டிஸ்க்கைத்தான் குறிவைக்கிறார்கள் என்று தெரிந்திருந்தும் எங்கள் பக்கத்தில் கேம் டிஸ்க் வைத்திருந்தவர்களும் சில வாரம் ஷட்டரைப் பாதிதான் தூக்கினார்கள். அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. ஆனால் கம்பெனிக்காரர்களின் விலைப் பட்டியலில் விடுபட்டுப்போன ஒரு வரியை அந்த டிஸ்க்குகள் நிரப்பின என்பதும் வரலாறுதான்.

அமெரிக்க செட்டுகளைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். சாஃப்ட்வேர் வேலைக்குப் போன மாமாக்களும் சித்தப்பாக்களும் அங்கே விலை குறைவு என்று பி.எஸ். 2 வாங்கி வருவார்கள். அங்கே கரன்ட் 120 வோல்ட். இங்கே 230-இல் செருகுவார்கள். ஒரு சின்ன சத்தம், கருகின வாசனை, பிள்ளையின் அழுகை. மறுநாள் காலை செட் எங்கள் மேஜையில் இருக்கும். பவர் சப்ளை மாற்றி, கூடவே ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரையும் விற்போம். அங்கே மிச்சம் பிடித்தது இங்கே போய்விடும். அந்த மாமாக்கள் ரொம்ப நேரம் எதுவும் பேசாமல் நிற்பார்கள்.

பெரிய கம்பெனிகள் முறையாக வந்தது இந்தச் சமயத்தில்தான். மைக்ரோசாஃப்ட் 2006 செப்டம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360-ஐ 19,990, 23,990 என்று இரண்டு விலையில் இறக்கியது. அக்‌ஷய் குமாரும் யுவராஜ் சிங்கும் விளம்பரத்தில். குறைந்த விலை செட்டில் ஹார்ட் டிஸ்க் கிடையாது, அதைத் தெரிந்துகொண்டதும், “அப்ப இதை ஏன் விக்கிறாங்க?” என்று கேட்டார் ஒரு அப்பா. அதற்கு என்னிடம் பதில் இல்லை. சோனி 2007 ஏப்ரலில் பி.எஸ். 3-ஐக் கொண்டுவந்தது, 39,990 ரூபாய். கேம் ஒன்று இரண்டாயிரத்துக்கு மேல், நகல் டிஸ்க்கும் ஓடாது. எங்கள் பக்கத்து அப்பாக்கள் பெட்டியின் விலையைக் கேட்டுக்கூட அவ்வளவாகப் பயப்படவில்லை. சீட்டு எடுத்தாவது வாங்கிவிடுவார்கள். அடுத்தடுத்து வரப்போகும் கேம் செலவைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

கம்பெனிகளில் இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டது சோனி. பழைய பி.எஸ். 2-ஐ இந்தியாவில் கைவிடாமல் விலையை இறக்கிக்கொண்டே வந்தது. 2009-இல் ஹைதராபாத் கம்பெனி ஒன்று செய்த ‘ஹனுமான்: பாய் வாரியர்’ கேமை 499 ரூபாய்க்குப் போட்டார்கள், முழுக்க இந்தியாவிலேயே செய்த முதல் பி.எஸ். 2 கேம் அது. அதே வருஷம் கபடி, கில்லி தாண்டு எல்லாம் சேர்த்து ‘தேசி அட்டா’. ஆட்டமாகப் பார்த்தால் இரண்டும் சுமார்தான் என்று என் கடைப் பையன்கள் ஒரே நாளில் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். விலை மட்டும் சரியான விலை. பில் போட்டு ஒரிஜினல் டிஸ்க்கை ஒரு அம்மா தானே கேட்டு வாங்கிப் போனதை நான் முதலில் பார்த்தது ஹனுமானுக்காகத்தான். சாமி கேமை டூப்ளிகேட்டில் வாங்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

அதே காலத்தில் ரிச்சி தெருவில் வேறொரு பண்டல் தயாராகிக்கொண்டிருந்தது. பூட்டை உடைத்த எக்ஸ்பாக்ஸ் 360, உள்ளே பெரிய ஹார்ட் டிஸ்க், அதில் நாற்பது ஐம்பது கேம் முன்கூட்டியே ஏற்றியது. ‘ஜே டாக் போட்டது’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். கம்பெனி வெறும் பெட்டி விற்றது, தெருக்காரர்கள் அதே பெட்டியை இன்னும் சில ஆயிரம் கூட வைத்து ‘இனி செலவில்லை’ என்ற உத்தரவாதத்தோடு விற்றார்கள். விலை அதிகம் இருந்தது தெருச் சரக்குக்குத்தான், வேகமாகப் போனதும் அதுதான். மலிவாக இருந்தால் இந்தியாவில் எதுவும் விற்கும் என்று எழுதுகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

பிறகு போன் வந்தது. 2018-க்குப் பிறகு பப்ஜியைக் காசில்லாமல் இறக்கி ஆட ஆரம்பித்ததும் மணிக்கணக்கு பெஞ்சு காலியாயிற்று. 2020 செப்டம்பரில் அதைத் தடை செய்தபோது பையன்கள் திரும்பி வருவார்கள் என்று அண்ணன் பெஞ்சைத் துடைத்து வைத்தார். அவர்கள் வேறொரு கேமுக்குப் போனார்கள்.

கன்சோல் விலையைப் பொறுத்தவரை அரசாங்கமும் ஒரு பக்கம் இழுத்து ஒரு பக்கம் விட்டது. 2018 பட்ஜெட்டில் சுங்க வரியை 10-லிருந்து 20 சதவீதமாக்கினார்கள். 2019 ஜனவரி முதல் ஜி.எஸ்.டி.-யை 28-லிருந்து 18-க்கு இறக்கினார்கள். பி.எஸ். 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2-ஆம் தேதி வந்தபோது 49,990. பழைய மெஷின்கள் நாளாக ஆக விலை குறைந்தன, இது 2022 நவம்பரில் 54,990-க்கு ஏறியது. அதையும் வாங்குகிறார்கள். வாங்குகிறவர்கள் முன்பு எங்கள் பெஞ்சில் ஆறு ரூபாய்க்கு அரை மணி ஆடியவர்கள். இப்போது எஸ்டேட்டிலேயே லேத் ஷெட் இருந்த இடத்தில் எழுந்த ஐ.டி. கட்டடங்களில் வேலை, கிரெடிட் கார்டில் இ.எம்.ஐ.

அவர்களுக்கும் பண்டல் உண்டு. ‘காட் ஆஃப் வார்’ சேர்த்தது, ‘கிரிக்கெட் 24’ சேர்த்தது. ஆனால் பெட்டிக்குள் பல சமயம் டிஸ்க் இருப்பதில்லை, நம்பர் அச்சடித்த ஒரு தாள். அந்த நம்பரை ஒருமுறை அடித்தால் அந்தக் கணக்கோடு கேம் ஒட்டிக்கொள்ளும். முன்பு பண்டலில் வந்த டிஸ்க்கை ஆடி முடித்து என்னிடம் கொண்டுவந்து, மேலே கொஞ்சம் காசு போட்டு வேறு டிஸ்க் மாற்றிக்கொண்டு போவார்கள். பிற்காலத்தில் கடை வாடகை அந்த மாற்று வியாபாரத்தில்தான் வந்தது. தாளை வைத்து என்ன மாற்றுவது? போன மாதம் ஒரு தம்பி பி.எஸ். 5 பெட்டியைப் படம் எடுத்து அனுப்பி, “அக்கா, கோடு இன்னும் யூஸ் பண்ணல, எடுத்துப்பீங்களா?” என்று கேட்டான். எடுத்துக்கொண்டேன், பாதி விலைக்கு. வாங்கியவர் கேட்ட ஒரே கேள்வி, இது வேலை செய்யாவிட்டால் யாரிடம் வருவது என்பது. என்னிடம்தான் என்றேன்.

இப்போது கல்லா மேஜையில் நான் அதிகம் விற்பது கன்சோலே இல்லை. பென் டிரைவ் மாதிரி ஒரு குச்சி, டி.வி.-யில் செருகினால் பழைய கேமெல்லாம் ஓடும், ஒயரில்லாத இரண்டு ஜாய்ஸ்டிக், இரண்டாயிரம் ரூபாய் சுமாருக்கு. சீனச் சரக்கு. ஒரு பெட்டியில் 10,000 கேம் என்றும் இன்னொன்றில் 20,000 என்றும் போட்டிருக்கிறது. உள்ளே இரண்டிலும் ஒரே மெமரி கார்டுதான், அண்ணன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டார். இருநூறு ரூபாய் கூட வைத்தும் 20,000-தான் முதலில் தீர்ந்துபோகிறது.